அளாப்பு நிரல்

"விளையாடுறதுக்குச் சம்பளம் குடுக்கிறாங்கள் எண்டால், தோக்கிறதுக்குப் பென்சனும் குடுப்பாங்களோ, பிள்ளை?"

எனக்கு வேலை கிடைத்த செய்தியைச் சொன்ன அன்று பெரியப்பா கேட்ட கேள்வி இது. பதுளையில் முப்பது வருடம் புடவைக்கடை வைத்திருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர் அவர். கையால் தொட்டுப் பார்க்க முடியாத சரக்கில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. அப்பா புகையிலைத் தோட்டத்தில் இருந்து வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அம்மாதான் குசினிக்குள் இருந்து பதில் சொன்னார்.

"தோக்கிறவைக்கு இல்லை, அத்தான். தோக்கிறவையைப் பாத்து எழுதுறவைக்கு."

அதைவிடச் சரியாக என் வேலையை இன்றுவரை ஒருவரும் விளக்கியதில்லை. யாழ்ப்பாண நகரத்தில், ஒரு தையற்கடைக்கு மேல்மாடியில், கைப்பேசி விளையாட்டுகள் செய்யும் சின்ன நிறுவனம் ஒன்றில் எட்டு வருடம் அந்த வேலையைச் செய்தேன். கடந்த மாசியில் விலகினேன். முப்பத்தொரு வயதில் ஓய்வுபெற்றவள் அனுபவம் எழுதுவது கொஞ்சம் சிரிப்புத்தான். ஆனால் நான் விட்டுவந்த அறையில் இப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு தங்கச்சிமார் இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவியாக ஒரு கணினி நிரலியும் வந்திருக்கிறது. ஒரு விளையாட்டை ஒரே நாளில் ஆயிரக்கணக்கான தடவை தானே விளையாடி, எந்த இடத்தில் எத்தனை தடவை செத்தது என்று அது கணக்குக் கொடுக்கும். "அக்கா, அப்ப நாங்கள் என்னத்தைப் பாக்கிறது?" என்று அவர்கள் கேட்டார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படித்த காலத்தைப் பற்றி நீட்டத் தேவையில்லை. அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். அப்பா ஐந்து. எங்கள் வீட்டில் சாதாரண தரம் தாண்டி, உயர்தரத்தில் கணிதம் படித்து, நகரத்துக்குப் போய்க் கணினிப் படிப்பு முடித்த முதல் ஆள் நான். புளியங்கூடலில் இருந்து ஊர்காவற்றுறை பஸ்ஸில் ஏறி மூன்று வருடம் நின்றுகொண்டே போனேன். இதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமை ஒரு நாள் என்னைப் பிழை எழுத வைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சோதனை அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் பவானி அக்கா. மெலிந்த மனுசி, சத்தமாகப் பேசமாட்டார். எங்கள் வேலை இதுதான்: விளையாட்டு வெளிவருவதற்கு முன் வெளியாட்களைக் கூப்பிட்டு விளையாடக் கொடுப்போம். அவர்கள் ஒரு மேசையில் இருப்பார்கள். நாங்கள் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால் இருப்போம். அக்கா கதிரையில் இருந்ததும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். முதல் நாள் எனக்கு அது விளங்கவில்லை. குளிருகிறதாக்கும் என்று நினைத்தேன். அன்றைக்கே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை விளையாட்டில் பூட்டுக்கான திறப்பு கிடக்கும் இடத்தைக் காணாமல் தேடிக்கொண்டிருந்தபோது என் விரல் தன்பாட்டில் திரையை நோக்கிப் போய்விட்டது.

"கையைத் தொடைக்கடியில வையும்," என்றார் அக்கா. "நீர் எல்லா வீட்டுக்கும் போய் இருந்து காட்டுவீரோ?"

அவரிடம் வேறு சில ஒழுங்குகளும் இருந்தன. திரையைப் பார்க்காதே, விரலைப் பார். எந்தப் பெருவிரல் முதலில் அசைந்தது என்று எழுது. ஆள் செத்த உடனே வாயில் வரும் முதல் சொல்லை அப்படியே எழுது. பிறகு 'மீண்டும்' என்ற பொத்தானை எத்தனை மூச்சுக்குப் பிறகு அழுத்துகிறார் என்று எண்ணு. மணிக்கூடு வைத்து எண்ணினால் அவர்கள் பதறுவார்கள் என்பதால் எங்கள் மூச்சையே எண்ணினோம். ஒருவர் ஏசிக்கொண்டு உடனே அழுத்தினால் பயமில்லை. சிரித்துக்கொண்டே கைப்பேசியை மெதுவாகக் கவிழ்த்து வைத்தால்தான் அக்காவின் முகம் வாடும்.

நான் சேர்ந்து ஒரு மாதம் இருக்கும். கொக்குவிலில் இருந்து வந்த ஒரு பிள்ளை ஓடுகிற விளையாட்டு ஒன்றில் செத்தவுடன், "சீ, இது அளாப்புது," என்றாள். நான் தாளில் 'நியாயமில்லை' என்று எழுதினேன். அக்கா அதை வெட்டினார்.

"அவ அப்பிடியோ சொன்னவ?"

"இல்லை அக்கா. அளாப்புது எண்டவ. அது பேச்சுச் சொல்லெல்லோ."

"அவ சொன்னதை எழுதும். நீர் அவவைத் திருத்துறதுக்கு இருக்கேல்லை."

எங்கள் பக்கத்தில் விளையாட்டில் கள்ளம் செய்வதைத்தான் அளாப்புவது என்பார்கள். கடையில் நிறுவையில் ஏமாற்றினால் அது அளாப்பு இல்லை. கிளித்தட்டில் கோட்டை மிதித்துவிட்டு மிதிக்கவில்லை என்று நிற்பதுதான் அளாப்பு. அந்தச் சொல்லைச் சொல்பவர் தோற்றதற்காக அழவில்லை. ஒழுங்கு இருக்கிறது, அதை மற்றப் பக்கம் மீறிவிட்டது என்கிறார். அன்றில் இருந்து எங்கள் தாளில் 'அளாப்பு' என்று மேலிருந்து கீழாக ஒரு நிரல் ஏறியது. அதற்குப் பக்கத்தில் 'என் பிழை' என்று இன்னொன்று. எங்கள் விளையாட்டுகளை வாங்கும் வெளிநாட்டுக்காரருக்கு அனுப்பும் அறிக்கையிலும் அக்கா அந்தச் சொல்லை மொழிபெயர்க்கவில்லை. முதலில் அது என்னவென்று கேட்டு எழுதினார்கள். ஒரு வருடத்துக்குள் அவர்களே, இந்தக் கட்டத்தில் அளாப்பு எவ்வளவு என்று கேட்கத் தொடங்கினார்கள்.

கொக்குவில் பிள்ளை செத்த இடத்தில் மதிலுக்குப் பின்னால் இருந்து ஒரு நாய் பாயும். பாயும் வரைக்கும் நாய் இருப்பது தெரியாது. விளையாட்டைக் கட்டியவன் நிரோஷன். என் வயதுக்காரன், கெட்டிக்காரன், தன் கெட்டித்தனம் தெரிந்தவன். "அடுத்த தரம் நாய் நிக்குது எண்டு தெரியுந்தானே அக்கா," என்றான்.

"முதல்தரம் சாகிறதுக்கு அந்தப் பிள்ளை என்ன பிழை விட்டவ?" என்று கேட்டார் அக்கா.

நிரோஷன் முணுமுணுத்துக்கொண்டு போய், பாய்வதற்கு முன் நாயைக் குரைக்க வைத்தான். அடுத்து வந்தவர்களும் அந்த இடத்தில் செத்தார்கள். சாவுகள் பெரிதாகக் குறையவில்லை. ஆனால், "குரைச்சது, நான்தான் கவனிக்கேல்லை," என்று சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தினார்கள். கடினமும் அளாப்பும் ஒன்றல்ல என்று எனக்கு விளங்கியது அன்றுதான். மனிதர் நூறு தரம் சாகத் தயாராக இருக்கிறார்கள். தன் சாவு தன் கையில் இருந்தது என்று மட்டும் அவர்களுக்குத் தெரியவேண்டும்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் நான் விட்ட பிழையைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

நிரோஷன் இரண்டு வருடம் ஒரே விளையாட்டைக் கட்டினான். ஒரு சின்னப் படகைக் கரையில் இருந்து தூரத்துத் தீவுக்குக் கொண்டு சேர்க்கவேண்டும். மொத்தம் ஏழு பயணம். பெரிய அலை வரும்போது படகின் முகத்தை அலைப் பக்கம் திருப்பவேண்டும். திருப்பாமல் விலாவில் வாங்கினால் படகு கவிழும். அலை வருமுன் அந்தப் பக்கத்துத் தண்ணீரில் ஒரு வெள்ளை நுரைக்கோடு தெரியும். இடது பெருவிரல் இடப்பக்கம் திருப்பும், வலது பெருவிரல் வலப்பக்கம் திருப்பும். அவ்வளவுதான் ஒழுங்கு. இதைக் கட்டிய நிரோஷன் வாழ்க்கையில் ஒரு தரம்தான் கடலில் போயிருக்கிறான். நயினாதீவுத் திருவிழாவுக்கு, கண்ணை மூடிக்கொண்டு.

ஏழாவது பயணம்தான் உச்சம். ஆறு பயணமும் இடப்பக்கமாக வந்த அலை ஏழாவதில் வலப்பக்கமாக வரும். வாங்க இருந்த வெளிநாட்டு நிறுவனம் அந்த ஏழாவதைப் பார்த்துத்தான் முடிவு சொல்லும் என்றிருந்தது. திங்கட்கிழமை ஒப்படைக்கவேண்டும். அந்தக் கட்டம் அளாப்பில்லை என்று சோதனை அறையில் இருந்து ஒருவர் கையெழுத்து வைக்கவேண்டும். அந்தமுறை பவானி அக்கா அந்தக் கையெழுத்தை என்னிடம் விட்டார்.

நகரத்தவர் மட்டும் போதாது என்று அக்கா சொன்னதால் எங்கள் பக்கத்து ஆட்களையும் கூட்டிவந்தேன். இறுப்பிட்டியில் இருந்து ஒரு அண்ணை, வேலணையில் இருந்து இரண்டு பெண்கள், கடைசியாக என் அம்மா. அம்மா நெடுந்தீவில் பிறந்து புளியங்கூடலுக்கு வாழ்க்கைப்பட்டவர். கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து கதிரையின் விளிம்பில் இருந்தார். முதல் ஆறு பயணத்தையும் நான் எதிர்பார்த்ததைவிடச் சுறுசுறுப்பாக முடித்தார். ஏழாவதில் செத்தார். திரும்பச் செத்தார். மூன்றாம் தரம் செத்ததும் கைப்பேசியை மேசையில் வைத்தார்.

"இது அளாப்புது, பிள்ளை."

"இல்லை அம்மா. நுரை தெரியுதெல்லோ. உங்களுக்குக் கைப்பழக்கம் இல்லை."

"அப்பிடியோ," என்றார் அம்மா. நிரோஷனைப் பார்த்து, "தம்பி வடிவாச் செய்திருக்கிறார்," என்றும் சொன்னார்.

தீவுப்பக்கத்தில் இருந்து வந்த எல்லோரும் அதே இடத்தில் செத்தார்கள், அதே சொல்லைச் சொன்னார்கள். நகரத்தவர் இரண்டு மூன்று முயற்சியில் கடந்துவிட்டார்கள். நிரோஷன் நுரைக்கோட்டை இன்னும் முன்னதாகத் தெரியும்படி மாற்றிக் கொடுத்தான். அப்போதும் எங்கள் ஆட்கள் செத்தார்கள். தாளின் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு சின்ன இடம் உண்டு. அவர்கள் ஒவ்வொருவருக்கும் நேரே அதில் நான் 'கைப்பழக்கம் இல்லை' என்று எழுதினேன். அப்படி எழுதினால் அந்த ஆளின் அளாப்பு கணக்கில் சேராது. அம்மாவின் பெயருக்கு நேரேயும் எழுதினேன். அழகான கையெழுத்தில் எழுதியது நினைவிருக்கிறது.

வெள்ளிக்கிழமை அக்கா தாளை வாங்கிப் பார்த்தார்.

"வடிவாப் பாத்தனீரோ?"

"ஓம் அக்கா."

கையெழுத்து வைத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை நெடுந்தீவில் சின்னம்மாவின் மகளுக்குக் கலியாணம். குறிகட்டுவான் இறங்குதுறையில் போட்டில் ஏறினோம். சனம் நிறைய. ஆனால் ஒரு பக்கத்து இருக்கை முழுக்க வெறுமையாகக் கிடந்தது. புதுச் சேலை கசங்காமல் இருக்கலாம் என்று நான் போய் அதில் இருந்தேன்.

"இஞ்சால வா, பிள்ளை. அங்கால நனைவாய்," என்றார் அம்மா.

"இடம் கிடக்குது அம்மா. ஏன் அங்க நெரிபடோணும்?"

போட் துறையைத் தாண்டி ஐந்து நிமிடம் ஆகவில்லை. முதல் அலை விலாவில் அடித்து என்னைத் தலையில் இருந்து நனைத்தது. போட்டில் இருந்த அத்தனை சனமும் சிரித்தது. ஒரு அக்கா துவாயைத் தந்து, "கந்தோரில, மேசையில இருந்து வேலை செய்யிற பிள்ளையோ?" என்று கேட்டார். சனத்தை நெரித்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து இருந்தேன்.

"எந்தப் பக்கம் நனையும் எண்டு எப்பிடித் தெரியும்?"

"கொடியைப் பாக்கேல்லையோ?"

போட்டின் முன்பக்கத்தில் ஒரு கொடி படபடத்துக்கொண்டிருந்தது. ஏறும்போதே எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு, காற்றுக்கு மறுபக்கமாக இருந்திருக்கிறார்கள். ஒருவரும் அதை ஒரு படிப்பாக நினைக்கவில்லை. நனையாமல் போக விரும்புகிறவர்கள் செய்கிற வேலை, அவ்வளவுதான். எனக்குப் பத்து வயதுக்குப் பிறகு பள்ளிக்கூடம், தனிவகுப்பு, சோதனை என்று நெடுந்தீவுப் பயணம் வருடத்துக்கு ஒன்றாகிப் போனது. அந்தப் பயணங்களிலும் மடியில் புத்தகம் இருந்தது.

அப்போதுதான் எனக்குப் பெருவிரல் நினைவு வந்தது. அம்மாவின் இடது பெருவிரல். இறுப்பிட்டி அண்ணையின் இடது பெருவிரல். தாளில் நானே எழுதியிருந்தேன்: எல்லோருக்கும் இடது, நுரை தெரிய முன்னமே. பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டுக் கைப்பேசியில் ஏழாவது பயணத்தைத் திறந்தேன். நிரோஷனின் படகிலும் முன்பக்கத்தில் ஒரு கொடி இருந்தது. வடிவுக்காக வரைந்தது. ஏழு பயணத்திலும் ஒரே மாதிரி வலப்பக்கமாகப் பறந்துகொண்டே இருந்தது.

"அம்மா, இதில நீங்கள் ஏன் இடப்பக்கம் திருப்பினனீங்கள்?"

"கொடி அங்கால எல்லோ பறக்குது. அப்ப காத்து இஞ்சால இருந்து. அலையும் இஞ்சால இருந்துதானே வரோணும். உங்கட சாமானில அது அங்கால இருந்து அடிக்குது."

"ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சொன்னனான்தானே, அளாப்புது எண்டு. நீ எழுதினனீ எண்டெல்லோ நினைச்சன்."

முதல் ஆறு பயணத்தில் அலை இடப்பக்கமாக வந்ததால் கொடி தற்செயலாக உண்மை சொன்னது. ஏழாவதில் பொய் சொன்னது. கடல் தெரியாதவர்கள் கொடியைக் கவனிக்கவே இல்லை, நுரையைப் பார்த்துத் தப்பினார்கள். தெரிந்தவர்கள் மட்டும் தெரிந்ததாலேயே செத்தார்கள். நான் அவர்களுக்குப் பழக்கமில்லை என்று எழுதிக் கையெழுத்தும் வைத்திருந்தேன்.

நெடுந்தீவில் இறங்கியதும் பவானி அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். முழுவதையும் கேட்டார்.

"எங்க நிண்டு கதைக்கிறீர்?"

"கலியாண வீட்டுப் படலையில, அக்கா."

"சாப்பிட்டிட்டு வாரும். நாளைக்கு நிரோஷனுக்கு நீர்தான் சொல்லவேணும்."

ஞாயிற்றுக்கிழமை, அக்காவும் வந்திருக்க, சோதனை அறையில் வைத்து நிரோஷனுக்குச் சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்தது. வந்திருக்கவேண்டியதுதான்.

"கொடி சும்மா வடிவுக்கு வைச்சது. அதை ஆரு பாக்கச் சொன்னது?"

"காட்டினால் பாப்பினம்," என்றார் அக்கா. "நீர் திரையில வைக்கிற ஒவ்வொண்டும் ஒரு வாக்கு, தம்பி. அலங்காரம் எண்டு உமக்குத்தான் தெரியும்."

திருத்த ஒரு மணித்தியாலம் பிடித்தது. ஏழாவது பயணத்தில் அலை பக்கம் மாறுவதற்குக் கொஞ்சம் முன், கொடி ஒரு கணம் தொங்கி, மற்றப் பக்கம் திரும்பிப் பறக்கவேண்டும். அவ்வளவுதான் வேலை. அதைச் செய்த பிறகு நிரோஷன் தானாகவே நுரைக்கோட்டை முந்திய அளவுக்குக் குறைத்தான். விளையாட்டு எளிதாகவில்லை. பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒரு துளி முன்னதாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

என் தாள் மேசையில் கிடந்தது. வேறு தாளில் புதிதாக எழுதட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். பழசை அழியாதையும். கீழ எழுதும்."

அம்மாவின் பெயருக்கு நேரே இருந்த குறிப்புக்குக் கீழே, 'இது என் பிழை. ஆடியவருக்குக் கடல் தெரியும், சோதித்தவருக்குத் தெரியாது' என்று எழுதினேன். கையெழுத்து அவ்வளவு அழகாக வரவில்லை. 'கைப்பழக்கம் இல்லை' என்ற சொற்றொடர் அன்றோடு அந்த அறையில் நின்றுபோனது. பவானி அக்கா தடை ஒன்றும் போடவில்லை. நான்தான் நிறுத்தினேன். பிறகு வந்தவர்களும் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை ஒப்படைப்பதற்கு முன் அம்மாவைத் திரும்பக் கூட்டிவந்தேன். நிரோஷன் தானே கேட்டு வந்து பின்னால் இருந்தான். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். அம்மா ஏழாவதுக்கு வந்தார். கொடி தொங்கியது, திரும்பியது. பெருவிரல் வலப்பக்கம் அசைந்தது, ஆனால் பிந்திவிட்டது. படகு கவிழ்ந்தது.

"சீ. பிந்திட்டன்."

பாதி மூச்சுக்குள் பொத்தானை அழுத்திவிட்டார். திரும்பச் செத்தார், திரும்ப அழுத்தினார். அன்றைக்கு அவர் அந்தத் தீவைப் போய்ச் சேரவே இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் கைப்பேசியை வாங்கினேன். படியில் இறங்கும்போது, "நாளைக்கும் வரட்டோ?" என்று நிரோஷனிடம் கேட்டார். அவன் சிரித்தபடி மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான். கண்ணைத் துடைக்கத்தான் திரும்பினான் என்று பவானி அக்கா பிறகு சொன்னார். நான் பார்க்கவில்லை, அதனால் எழுதமாட்டேன்.

அந்த விளையாட்டை ஏழு பயணத்தோடும் வாங்கினார்கள்.

தங்கச்சிமாருக்குச் சொல்ல எனக்கு இருப்பது இவ்வளவுதான். அந்தக் கணினி நிரலி நல்லது. ஆள் எங்கே சாகிறார் என்று உங்களைவிட வேகமாகச் சொல்லும். செத்தபின் அது ஒன்றும் சொல்லாது. அதற்கு மானமும் இல்லை, அம்மாவும் இல்லை. ஒருவர் 'அளாப்புது' என்றால் அவர் ஏற்கெனவே எதையோ நம்பியிருக்கிறார். எதை நம்பினார் என்று தேடுங்கள். பெருவிரலில் எழுதியிருக்கும்.

நான் விலகியது கோபத்தில் இல்லை. எட்டு வருடம் மற்றவர்கள் கட்டியதில் பிழை கண்டேன். இப்போது நானே ஒன்று கட்டுகிறேன், மற்றவர்கள் பிழை காணட்டும். வேலணையில் இருந்து புங்குடுதீவுக்குப் போகும் கடற்பாலத்தில், காற்றுக்குள் ஒருவர் சைக்கிள் மிதிக்கவேண்டும். அதுதான் விளையாட்டு. முதல் கட்டம் போன கிழமை முடிந்தது. நேற்றுப் பின்னேரம் பெரியப்பாவிடம் கைப்பேசியைக் கொடுத்தேன். கதிரையைப் பின்னால் இழுத்துப் போட்டு, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

பஸ் ஒன்று முந்திப்போகும் இடத்தில் பெரியப்பா கடலுக்குள் விழுந்தார். திரும்ப விழுந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் விழுந்தார்.

"இது அளாப்புது, பிள்ளை."

"எப்பிடிப் பெரியப்பா?"

"பஸ் முந்தேக்க முதல்ல தள்ளும், பிறகு இழுக்கும். உன்ர பஸ் தள்ளிப்போட்டுப் பேசாமல் போகுது. நான் இழுவைக்குச் சரிஞ்சு நிக்கிறன், இழுவை வரேல்லை." கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "சரி, மூண்டு தரம் தோத்திட்டன். பென்சன் எப்ப வரும்?"

அவர் சொன்னதைச் சொன்னபடியே அளாப்பு நிரலில் எழுதினேன். குறிப்பு என்ற இடத்தை வெறுமையாக விட்டேன்.

இன்று காலை அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்பாலத்துக்குப் போனேன். ஓரத்தைப் பிடித்து மெதுவாக மிதித்தேன். குறிகட்டுவான் பஸ் பின்னால் வரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. முதலில் தள்ளியது. பிறகு இழுத்தது.